பரீட்சைக்கு உருண்டை, ஆயருக்குத் தட்டை

நீ மேடையில் பொய் சொன்னாய்.

உபதேசியார் மகனே, உன்னைத்தான் சொல்கிறேன். போன மாதம் நம் கோயில் வளாகத்தில் புது மறைக்கல்விக் கூடத்தைத் திறந்தார்கள். அதற்கு உன் அப்பா பெயரை வைத்தார்கள். வைக்கட்டும். கோயிலுக்கு உழைத்த மனிதர்தான். ஆனால் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா அந்தக் காலத்துலயே ஒரு கால்பந்தைக் கையில எடுத்துக் காட்டி, பூமி உருண்டைன்னு வேதத்துலயே இருக்குதுன்னு சொல்லிக் குடுத்தாரு. விஞ்ஞானம்லாம் அதுக்கு அப்புறம்தான்" என்று பேசினாய். எல்லாரும் கை தட்டினார்கள். உள்ளே சுவரில் படமும் வரைந்திருக்கிறீர்கள். உன் அப்பா வெள்ளை ஜிப்பாவில் நிற்கிறார். கையில் பந்து. சுற்றிலும் சிரித்த முகத்தோடு பிள்ளைகள்.

அந்தப் பந்தை எடுத்தது உன் அப்பா இல்லை. என் அக்கா. எடுத்ததற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்பது உனக்குத் தெரியும். அன்று வகுப்பில் எனக்கு எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாய்.

அந்த வருஷம் நம்மோடு சேர்ந்து உறுதிபூசுதல் வாங்கின மற்றவர்களும் இதைக் கேளுங்கள். கை தட்டினவர்களில் நீங்களும் இருந்தீர்கள். நான் பார்த்தேன். எல்லாருக்கும் சர்க்கரை, முட்டிவலி, பேரப்பிள்ளை. சண்டை போடத் தெம்பில்லை. எனக்கும் இல்லை. ஷூ கம்பெனி மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு போய்விட்டது. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

அந்தக் கோடையில் மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வருவதாக இருந்தது. நம் பங்குக் கோயிலுக்கு ஆயர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. நெற்றியில் தைலம் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலை அவர் வந்துதான் கொடுக்க வேண்டும். அதனால் என்னைப் போன்ற பொடிசுகளும், எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு உட்கார்ந்திருந்த என் அக்கா மாதிரிப் பெரிய பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தோம். கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. மே மாதம். உள்ளே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. ஜன்னலைத் திறந்தால் காற்று வராது, டேனரி நாற்றம்தான் வரும். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் ஊறின தோலும் சேர்ந்த அந்த நாற்றம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நமக்கு அது நாற்றம் என்றே தெரியாது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

உபதேசியார் கையில் ஒரு பித்தளை மணி இருக்கும். பேச்சு சத்தம் கேட்டால் ஆட்டுவார். அந்த மணி எங்கே போனது என்று திறப்பு விழா அன்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கூடம் கட்ட இடித்தபோது பழைய சாமானோடு போயிருக்கும்.

அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பூசை வைக்கும் பங்குச் சாமியார்கள் மாறி மாறி வருவார்கள், போவார்கள். உபதேசியார் அப்படியே இருப்பார். செபம் சொல்லிக் கொடுப்பார். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார். சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியாரைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போவார். அவர் அப்பாவும் டேனரியில் வேலை செய்தவர்தான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

அந்த வருஷம் அவருக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு சபைக்காரர்கள் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் வைத்து, தினம் சாயந்திரம் பிரசங்கம் செய்தார்கள். வேதத்தில் ஒவ்வொரு எழுத்தும் எழுதினபடியே உண்மை என்றார்கள். நம் பங்கிலிருந்து சில குடும்பங்கள் அங்கே போய்விட்டன. உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி அப்பாவிடம் புலம்பினது எனக்கு நினைவிருக்கிறது.

"கத்தோலிக்கு வேதத்தைத் தொடறதே இல்லன்னு பேசறாங்க. நம்ம புள்ளைங்க வாயை மூடிக்கினு நிக்குது. அவங்களுக்கு நாம இன்னா கம்மியா?"

கம்மி இல்லை என்று காட்டத்தான் அவரும் எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். திருச்சபை அவரை அப்படிக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

சங்கீதத்தில் ஓர் இடம் வரும். ஆண்டவர் வானத்தை விரித்ததைப் பற்றியது. நாம் இப்போது வைத்திருக்கும் புத்தகத்தில் கூடாரம் என்று இருக்கிறது. உபதேசியார் வைத்திருந்த பழைய பிரதியில் தோல் என்று இருந்தது. தோலை விரிப்பது போல விரித்தார் என்கிற மாதிரி.

தோல் என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? நம் அப்பாக்கள் ஈரத்தோலை மரப்பலகையின்மேல் இழுத்து, ஓரம் பூராவும் ஆணி அடித்து, வெயிலில் நிறுத்துவார்கள். நாலு காலும் நாலு மூலைக்கு இழுபட்டு நிற்கும். கையால் தட்டினால் டம் என்று சத்தம் வரும். தோல் என்றால் தட்டை. தோல் என்றால் நாலு மூலை. உலகத்தில் வேறு எந்த ஊர் உபதேசியாருக்கும் அந்த வரியைப் படித்து இந்தப் படம் மனசில் வந்திருக்காது. நம் உபதேசியாருக்கு வந்தது.

கரும்பலகையில் வரைந்தார். மேலே ஆணி அடித்த தோல், அது வானம். கீழே இன்னொரு தோல், அது பூமி. அதற்கு அடியில் நாலு தூண்.

"உங்க அப்பனுங்க இன்னா பண்றாங்க? தோலை இழுத்து அடிக்கறாங்க இல்ல? ஆண்டவரும் அப்படித்தான் வானத்தை இழுத்து விரிச்சாரு. பூமிக்கு நாலு மூலைன்னு எழுதியிருக்குது. தூணுன்னும் எழுதியிருக்குது. நான் சொல்லல, வேதம் சொல்லுது."

ஒருத்தன் எழுந்து, "ஸ்கூல்ல உருண்டைன்னு சொல்றாங்களே ஐயா" என்றான்.

"அது கவர்மெண்டு பாடம். பரீட்சையில உருண்டைன்னு எழுது, மார்க்கு வாங்கிக்கோ. யாரு வேணான்னா? ஆயர் வந்து கேட்டா தட்டைன்னு சொல்லு. பரீட்சைக்கு உருண்டை, ஆயருக்குத் தட்டை. இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா."

அதைப் பாட்டாக்கிப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். உங்களுக்கு நினைவிருக்கும். பாலாற்று மணலில் இறங்கி, ஒரு காலைத் தூக்கி நொண்டியடித்துக்கொண்டே பாடுவோம். ஆற்றில் தண்ணீர் இருக்காது. டேனரி ஷாப்பிலிருந்து வரும் ஓடையில் பழுப்பு நிறத்தில் நுரை மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

அக்கா பாடவில்லை. அவளுக்கு வேறு கவலை. வேலூரில் இருந்த கன்னியர் மடத்தில் டீச்சர் ட்ரெய்னிங் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பாஸ் பண்ண வேண்டும், உறுதிபூசுதல் முடிந்திருக்க வேண்டும், பங்கிலிருந்து நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவர்களே. அப்பா பச்சைப் பெயிண்டு அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அக்கா தினம் அதை இழுத்துத் திறந்து பார்ப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. பெயிண்டு வாசனைதான். மூடித் தள்ளிவிடுவாள்.

அவள் டீச்சராகத்தான் பிறந்தாள் என்று இப்போது சொல்வேன். அப்போது எனக்கு அவள் ஒரு தொல்லை. பொடிசுகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கும்போது, மனப்பாடமாக ஒப்பித்தால் விடமாட்டாள். "அப்படின்னா இன்னா அர்த்தம், சொல்லு" என்பாள்.

ஆயர் வருவதற்கு முந்தின வாரம் அது நடந்தது. உபதேசியார் அக்காவை எழுப்பினார். சின்னப் பிள்ளைகளுக்கு மாதிரியாகப் பதில் சொல்லச் சொன்னார்.

"பூமி எப்படி இருக்குது? சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்."

"ஒரு சந்தேகம் ஐயா."

"மொதல்ல பதிலு. அப்புறம் சந்தேகம்."

அவள் நேராக மூலையில் இருந்த பீரோப் பக்கம் போனாள். அதன்மேல் நம் இளைஞர் சங்கத்தின் கால்பந்து கிடந்தது. பழைய மாதிரிப் பந்து. தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே காற்றடைக்கும் ரப்பர் ப்ளாடர் வைத்து, வாயை வாரால் கட்டியிருப்பார்கள். ப்ளாடர் கிழிந்து மாசக்கணக்கில் அங்கேயே கிடந்தது. யாரோ மிதித்த தட்டு மாதிரி. அக்கா எடுத்ததும் தூசி கொட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் தும்மினாள்.

"இதுவும் தோலுதானே ஐயா?"

"ஆமா. அதுக்கின்னா?"

"இப்ப தட்டையா இருக்குது. காத்து அடிச்சா உருண்டையாயிடும். ரெண்டும் தோலுதான். தோலு மாதிரி விரிச்சாருன்னு எழுதியிருந்தா, தட்டைன்னு மட்டும் எப்படிச் சொல்றது? வானத்தைப் பந்து மாதிரி விரிச்சு, உள்ளே பூமியையும் உருண்டையா வச்சிருக்கலாமில்ல? அப்ப வேதமும் தப்பாகாது, ஸ்கூலு பாடமும் தப்பாகாது."

 நான் உபதேசியார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கோபப்படவில்லை. பந்தைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். யோசித்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இந்த வயசிலும் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்போதுதான் பையன்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்போ ஆண்டவரு பம்பு வச்சிருக்காரா?"

அறையே வெடித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தன் உஸ் உஸ் என்று பம்பு அடிப்பது போலச் செய்தான். மணியை ஆட்டினார், கேட்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு உபதேசியார் முகம் மாறிவிட்டிருந்தது.

"யாருடா அது?"

 நீ தலையைக் குனிந்து பெஞ்சை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். அது உன் குரல் என்று உன் அப்பாவுக்கே தெரியாமல் இருந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. அவர் உன் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"வானத்தைப் பந்தாக்கிட்ட இல்ல? ஆண்டவரை வச்சி சிரிக்க வச்சிட்ட இல்ல? வெளியே போ."

அக்கா பந்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வீசவில்லை. வைத்தாள்.

அன்று சாயந்திரமே செய்தி வந்தது. அவளுக்கு விசுவாசத்தில் உறுதி போதாது, இந்தத் தடவை வேண்டாம், அடுத்த முறை ஆயர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உபதேசியார் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சாமியார் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் பெரிய பேஜார். அம்மா அழுதாள். "போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வாயேன்டி. வாயி தேஞ்சா பூடும்?"

"நான் தப்பா இன்னாம்மா பேசுனேன்?"

அப்பா குறுக்கே வந்தார். "தப்பு, சரி, யாரு கேட்டா? சிரிச்சாங்க இல்ல? கோயில்ல சிரிச்சாங்க இல்ல?"

அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தன் மகள் பேசி ஊர் சிரித்தது. எதைப் பேசினாள் என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. தோலைப் பற்றி ஒரு சந்தேகம், அதுவும் தோலிலேயே கிடக்கிற மனிதர், ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அக்கா போனாள். நானும் கூடப் போனேன். உபதேசியார் வீட்டு வாசலில் முட்டி போட்டாள். "எல்லாரும் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க ஐயா" என்றாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. எழுந்து நிற்கும்போது, "சொன்னதுக்கு இல்ல" என்றாள்.

அதோடு முடிந்தது.

ஆயர் வந்தார். வாழைமரம் கட்டி, பேண்டு வைத்து, வெடி வெடித்து அழைத்து வந்தோம். நாம் எல்லாரும் வெள்ளை உடையில், கையில் மெழுகுவர்த்தியோடு நின்றோம். ஆயர் கன்னத்தில் தட்டுவார், வலிக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு வாரமாக ஒருத்தரை ஒருத்தர் அறைந்து பழகியிருந்தோம். அக்கா கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வெள்ளைத் தாவணி எடுத்து வைத்திருந்தது. அதைக் கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளேதான் பழைய பாவாடையும் ஊதாத் தாவணியும் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆயர் நம்மைக் கேள்வி கேட்டார். உபதேசியார் பக்கத்தில் நின்று, வாயை அசைத்து அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆயர் கேட்ட முதல் கேள்வி, "காலைல சாப்ட்டீங்களா?" என்பது. எல்லாரும் சிரித்தோம். இரண்டாவது, நம்மைப் படைத்தது யார். மூன்றாவது, எதற்காகப் படைத்தார். சொன்னோம். நல்லது என்றார். அவ்வளவுதான்.

பூமியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தட்டையா என்றும் கேட்கவில்லை, உருண்டையா என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே முடியாது.

நெற்றியில் தைலம் பூசினார். அதுவரை நான் மோந்த எதிலும் அந்த வாசனை இல்லை. அன்றைக்கு முகம் கழுவக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் தலையைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம்.

"நல்லாத்தான் இருக்குது பாப்பா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். இது உங்கள் யாருக்கும் தெரியாது. உபதேசியார் மகனே, உனக்கும் தெரியாது. இரும்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். அம்மா டீ போடப் போனாள். அவர் அப்பாவிடம் மெதுவாகப் பேசினார்.

"உங்க பொண்ணு சொன்னதுல பாவம் ஒண்ணும் இல்ல. பூமி தட்டைன்னு நம்பணும்னு திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தல. ரொம்பப் பழைய காலத்துலயே பெரியவங்க இந்தத் தோல் விஷயத்தை யோசிச்சிருக்காங்க. தோலை விரிக்கவும் விரிக்கலாம், ஊதிப் பந்தாக்கவும் ஆக்கலாம்னு ஒரு மகான் எழுதியே வச்சிருக்காரு."

அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றாள். சாமியார் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனா நீ சொன்னதும் முழுசும் சரியில்லம்மா. அந்தப் பாட்டைக் கட்டினவரு பலகைன்னும் சொல்லல, பந்துன்னும் சொல்லல. அவரு நெலம் அளக்க வரல. கூடாரம் போட்டு வாழ்ந்த ஜனம் அது. நைட்டு தலைக்கு மேல தோலை இழுத்துக் கட்டிக்கிட்டுப் படுத்தவங்க. வானத்தைப் பாத்ததும் அது ஞாபகம் வந்துச்சு, பாடினாங்க. நமக்கும் மேல ஒருத்தரு இழுத்துக் கட்டியிருக்காருன்னு. அதுதான் விஷயம். பூமி எந்த உருவம்னு பள்ளிக்கூடத்துல கத்துக்கோ. அதுக்கு வேதத்தைப் போட்டுக் கசக்கக் கூடாது. தட்டைன்னும் கசக்கக் கூடாது, உருண்டைன்னும் கசக்கக் கூடாது."

இவ்வளவு தெளிவாகப் பேசின மனிதர் அவர். என் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. தான் சொன்னது அரைகுறை என்று ஒருத்தர் சொல்லும்போது அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கெழமை பூசையில இதைச் சொல்லுங்க சாமி. எல்லாரும் கேக்கட்டும்."

சாமியார் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"உபதேசியார் எனக்கு முன்னாடியிருந்து இருக்காரும்மா. நான் இன்னிக்கு இங்க, நாளைக்கு வேற பங்கு. அவரை ஜனங்க முன்னாடி தலைகுனிய வச்சிட்டு நான் போயிட்டா, அப்புறம் அவரு எப்படி நடமாடுவாரு?"

"நான் எப்படி சாமி நடமாடறது?"

 அப்பாதான் பதில் சொன்னார். "வுடுங்க சாமி. சின்னப் பொண்ணு. தெரியாமப் பேசுது. டீ ஆறுது பாருங்க."

அடுத்த வருஷம் அந்தச் சாமியாரைக் கணியம்பாடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது உயிரோடு இல்லை. ரொம்ப நாளாக நான் திருச்சபை என் அக்காவுக்கு எதிரி என்றே நினைத்திருந்தேன். பிறகு ஒரு தியானத்துக்குப் போனபோது, பிரசங்கம் வைத்த சாமியார் இதே விஷயத்தைச் சிரித்துக்கொண்டே, சர்வ சாதாரணமாகச் சொன்னார். வேதத்தை எழுதினவர்கள் கண்ணுக்குத் தெரிந்தபடி, அந்தக் காலத்து ஜனங்கள் பேசினபடி எழுதினார்கள், மீட்புக்கு வேண்டியதைத் தேடிப் படியுங்கள், பூகோளத்தைத் தேடாதீர்கள் என்றார். புதுசாகச் சொல்லவில்லை, காலங்காலமாகச் சொல்வதுதான் என்றார். எனக்கு எழுந்து போய் ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. திருச்சபை அக்கா பக்கம் இருந்திருக்கிறது. பங்குதான் இல்லை.

அக்கா பாஸ் பண்ணினாள். நல்ல மார்க்கு. மடத்தில், உறுதிபூசுதல் ஆகாத பெண்ணை எடுப்பதில்லை என்றார்கள். அடுத்து ஆயர் வருகிறவரை காத்திருக்க முடியாது என்று அப்பா அவளை ஷூ கம்பெனியில் சேர்த்தார். மேல்தோல் தைக்கிற வேலை. பின்னால் நானும் அதே கம்பெனிக்குத்தான் போனேன். நாட்றம்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் உறுதிபூசுதல் வேண்டும் என்று வந்தபோது, வேறொரு பங்கில், ஒரு சாயந்திரம், சின்னப் பிள்ளைகள் கூட்டத்தோடு நிற்க வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பச்சை டிரங்குப் பெட்டியில் புடவையை வைத்துக்கொண்டு போனாள். அது துருப்பிடித்து, எடைக்குப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

அவள் புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு ஆம்பூருக்கே திரும்பி வந்துவிட்டாள். திறப்பு விழாவில் என் பக்கத்தில்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ பேசினதை முழுக்கக் கேட்டாள். எல்லாரும் கை தட்டும்போது கையை மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம் என் காதருகில் குனிந்து, "பம்பு யாரு வச்சிருந்தான்னு சொல்லலியே" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பிரியாணிப் பந்தியில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே, "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? யாரு எடுத்தா இன்னா, நல்ல விஷயம்தானே? அப்பா பேரு நிக்கட்டும்" என்றாய். புதுசாக வந்திருக்கும் சாமியாரிடம் போனேன். சின்ன வயசு, மரியாதையான பையன். "படம் வரைஞ்சாச்சேம்மா" என்றார்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, பந்து யாருடையது என்பது. இரண்டாவது அதைவிட மோசம். வேதத்திலேயே உருண்டை என்று இருக்கிறது என்று மைக்கில் சொன்னாயே, அதுவும் உன் அப்பா செய்த அதே தவறுதான். அவர் தட்டை என்று கசக்கினார், நீ உருண்டை என்று கசக்குகிறாய். அவராவது பயத்தில் செய்தார். நீ பெருமைக்குச் செய்கிறாய். இனி அந்தக் கூடத்தில் உட்காரப் போகிற பிள்ளைகள் சுவரைப் பார்த்து இதைத்தான் கற்றுக்கொள்ளும். நாளைக்கு ஒரு பெண் எழுந்து சந்தேகம் கேட்டால் அவளை என்ன செய்வீர்கள்?

இதை எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னாள். "வுடு பாப்பா, டயர்டா இருக்குது" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சை நான் கேட்கப் போவதில்லை.

உன் அப்பா பெயரைக் கூடத்திலிருந்து எடு என்று நான் கேட்கவில்லை. சுவரை வெள்ளையடி என்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், மைக்குக்கு முன்னால் வந்து நில். பந்தைக் கையில் எடுத்தது யார் என்று சொல். கேலி செய்தது யார், அப்பா கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தது யார் என்றும் சொல். இதில் நான் எங்கேயும் என் அக்கா பெயரை எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்கும்படி. சொல்வாயா, மாட்டாயா?